நீலகிரியில் இருந்தபடியே நானோ களிமண்ணில் கைவைக்க: தொடங்குபவர்களுக்கு

பிளாஸ்டிக்கிலும் உணவுப் பொட்டலத் தாளிலும் சேர்க்கும் நானோ களிமண்ணைக் கடையில் அப்படியே வாங்க முடியாது. பையில் வருவது வெறும் களிமண் மாவு. அதன் ஒவ்வொரு துகளும் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான தகடுகள் ஒட்டிக் கிடக்கும் கட்டி. அந்தத் தகடுகளைத் தண்ணீரில் தனித்தனியாகப் பிரிக்கும்போதுதான் அது நானோ ஆகிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல், பையின் மேல் அச்சிட்ட பெயரை நம்பிப் பலர் பணத்தைச் செலவழிக்கிறார்கள்.

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளையும், சொந்தமாகச் சிறு தொழில் செய்ய நினைப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய ஆய்வகம் இல்லாமலே தொடங்கலாம். மலையின் குளிரும் மூடுபனியும் செம்மண்ணும் இந்த வேலையில் குறுக்கே வரும். ஓடைத் தண்ணீர் கைகொடுக்கும்.

முதலில் தகடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அடுக்குச் சிலிகேட் களிமங்கள், அதாவது களிமண்ணில் உள்ள கனிமங்கள், இரண்டு வகைத் தாள்களால் ஆனவை. ஒன்றில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். மற்றதில் அலுமினியத்தையோ மக்னீசியத்தையோ சுற்றி ஆறு இருக்கும். சிலிக்கா தாள் ஒன்றும் அலுமினியத் தாள் ஒன்றும் சேர்ந்தால் கயோலினைட். இரண்டு சிலிக்கா தாள்களுக்கு நடுவில் ஓர் அலுமினியத் தாள் அகப்பட்டுக்கொண்டால் மாண்ட்மோரில்லோனைட். பெண்டோனைட் என்று விற்கும் மண்ணில் பெரும்பகுதி இதுதான்.

மாண்ட்மோரில்லோனைட் தகடு ஒன்றின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நீள அகலமோ அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். இந்தத் தகட்டில் அங்கங்கே அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தகட்டுக்கு எதிர்மின் சுமை வந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் இரண்டு தகடுகளுக்கு இடையில் வந்து தங்குகின்றன. அந்த அயனிகளைத் தேடித் தண்ணீர் உள்ளே போகிறது. கட்டிய வெற்றிலைக் கட்டில் ஈரம் இறங்கினால் இலை இலையாகப் பிரிந்து வருமே, அதேபோலத்தான்.

காய்ந்த நிலையில் ஒரு தகட்டின் அடியிலிருந்து அடுத்ததன் அடி வரை ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஓர் அடுக்குத் தண்ணீர் புகுந்தால் 1.25, இரண்டு அடுக்கு புகுந்தால் 1.5. நடுவில் சோடியம் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் விரிந்துகொண்டே போய்த் தகடுகள் முழுதாகவே பிரிந்துவிடும். கால்சியம் இருந்தால் 2 நானோமீட்டருக்குள் நின்றுவிடும். கயோலினைட்டில் இந்தக் கதையே கிடையாது. அதன் தகடுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருக்கின்றன. தண்ணீரில் எத்தனை நாள் ஊறினாலும் இடைவெளி 0.72 நானோமீட்டர்தான்.

இதனால் வரும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. முழுதாகப் பிரிந்த 1 கிராம் மாண்ட்மோரில்லோனைட்டின் பரப்பு சுமார் 750 சதுர மீட்டர். கயோலினைட்டுக்கு 10 முதல் 20. அயனிகளைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் திறன் 100 கிராமுக்கு மாண்ட்மோரில்லோனைட்டில் 80 முதல் 120 மில்லிசமானம் (அயனிகளின் மின்சுமையை எண்ணும் அலகு). கயோலினைட்டில் 3 முதல் 15.

படி 1: காலடி மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நீலகிரியில் சாலைக்காக வெட்டிய மண்சுவர்களைப் பார்த்தால் ஆள் உயரத்துக்கும் மேல் சிவப்புக் களிமண். இவ்வளவு இலவசமாகக் கிடக்கும்போது கோயம்புத்தூரில் ஏன் வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் இந்த மண் மாண்ட்மோரில்லோனைட் வகை இல்லை.

இந்த மலையின் அடிப்பாறை சார்னோகைட். நீண்ட காலமாக மழையில் ஊறி, அதில் இருந்த சோடியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் கரைந்து போயின. சிலிக்காவிலும் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது கயோலினைட், இரும்பு ஆக்சைடு, கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம். நீலகிரியிலும் பழனி மலையிலும் அலுமினியத் தாதுவான பாக்சைட் காணப்படுவது இதே கரைதலின் கடைசிக் கட்டம். மாண்ட்மோரில்லோனைட் உருவாகவும் நிலைக்கவும் சிலிக்காவும் மக்னீசியமும் மண்ணிலேயே தங்க வேண்டும். அது நடப்பது மழை குறைந்த சமவெளியில். கோயம்புத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பது இந்தக் களிமத்தால்தான். நம் செம்மண் அப்படி வெடிப்பதில்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு பாட்டிலில் மலை மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும், ஏதோ மணல் போல. அது மணல் இல்லை. இரும்பு ஆக்சைடும் மட்கும் களித்துகள்களைக் கோந்து மாதிரி ஒட்டிப் பெரிய பருக்கைகளாக்கி வைத்திருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு களி இருந்தும் நம் தோட்ட மண்ணில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது. ஆய்வகக் கடையில் கிடைக்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்டைக் கொஞ்சம் கரைத்துச் சேர்த்து மறுபடி குலுக்கினால் பருக்கைகள் உடைந்து தண்ணீர் நெடுநேரம் கலங்கியே இருக்கும்.

இந்தக் கலங்கல் நீரிலிருந்து களியை மட்டும் பிரிக்க எவ்வளவு நேரம் விட வேண்டும்? களியின் மேல் எல்லையான 2 மைக்ரோமீட்டர் துகள் 20 டிகிரி தண்ணீரில் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். புத்தகங்களில் உள்ள கணக்கு இதுதான். உதகையில் மார்கழி மாதம் அறைக்குள்ளேயே தண்ணீர் 10 டிகிரிக்கு வந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் கூடுதலாகப் பிசுபிசுப்பதால் அதே துகளுக்குப் பத்தரை மணி நேரம் வேண்டும். தண்ணீரில் வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்.

படி 2: வாங்குவது

முதல் முறை ஆய்வகத் தரப் பொருள் வேண்டாம். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் வார்ப்பு மணலை ஒட்ட வைக்கப் பெண்டோனைட்தான் போடுகிறார்கள். அவர்களுக்கு விற்கும் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். ஆழ்துளைக் கிணறு, பைலிங் வேலைக்காரர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மேர் பகுதியிலும் நிறைய வெட்டி எடுக்கிறார்கள். கேட்கும்போது "சோடியம் பெண்டோனைட்டா, கால்சியமா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அடுத்த படியில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கால்சியம் வகை வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். 100 கிராம் மண்ணுக்கு 3 அல்லது 4 கிராம் சலவைச் சோடா, சப்பாத்தி மாவு பதத்துக்கு வருமளவு தண்ணீர் சேர்த்து நன்றாகப் பிசைந்து, மூடி சில நாள் வையுங்கள். கால்சியம் கார்பனேட்டாக ஒதுங்கி, அதன் இடத்துக்குச் சோடியம் வரும். தொழிற்சாலைகளும் இதைத்தான் பெரிய அளவில் செய்கின்றன.

"ஆர்கனோகிளே" என்ற பெயரில் வருவது வேறு சரக்கு. அதில் சோடியத்துக்குப் பதில் நீண்ட கொழுப்புச் சங்கிலி கொண்ட அம்மோனியம் உப்பு ஏற்றப்பட்டிருக்கும். தண்ணீரில் பிரியாது, எண்ணெய், பிளாஸ்டிக் போன்றவற்றில் கலக்கத்தான் அது. அந்த உப்புகள் மீனுக்கு ஆகாதவை. நம் ஓடைகள் மோயாற்றிலும் பவானியிலும் போய்ச் சேர்கின்றன என்பதை நினைத்து, தொடக்கத்தில் அதைத் தொடாமல் இருங்கள்.

மூட்டையைப் பிரிக்கும்போதே முகக்கவசம் போட வேண்டும், துணிக் கைக்குட்டை போதாது. பெண்டோனைட்டில் குவார்ட்ஸ் தூளும் கலந்திருக்கும். பல ஆண்டுகள் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். மாவை உடனே மூடி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றுங்கள். மழைக்காலக் காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்து எடை கூடிவிடும். நீங்கள் 2 கிராம் என்று நிறுத்துப் போடுவதில் ஒரு பங்கு தண்ணீராகவே இருக்கும். எடை போடுவதற்கு முன் 105 டிகிரி ஓவனில் உலர்த்துவது வழக்கம். கொதிக்கும் தண்ணீருக்கு மேல் பாத்திரம் வைத்து உலர்த்துவது இங்கே எடுபடாது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

படி 3: எவ்வளவு ஊறிப் பெருக்கிறது?

100 மில்லி அளவு உருளையில் தண்ணீர் நிரப்புங்கள். உலர்ந்த மாவு 2 கிராம் எடுத்து, சிட்டிகை சிட்டிகையாக மேலே தூவுங்கள். ஒரு சிட்டிகை முழுதாக நனைந்து இறங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து, உள்ளே காய்ந்த மாவோடு கட்டி தட்டிவிடும். ஒரு நாள் விட்டு, அடியில் உள்ள களி எத்தனை மில்லி வரை நிற்கிறது என்று படியுங்கள். நல்ல சோடியம் பெண்டோனைட் 24 மில்லியைத் தாண்டும். கால்சியம் வகை அதில் பாதியைக்கூட எட்டாது. பக்கத்தில் இன்னோர் உருளையில் மலைச் செம்மண்ணைச் சலித்துப் போட்டுப் பாருங்கள், பெருக்கம் ஏறக்குறைய இல்லை. இந்த இரண்டு உருளைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

படி 4: பிரிப்பது

எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது. தண்ணீரைச் சுழலவிட்டு, சுழலும் தண்ணீரில் மாவைத் தூவுங்கள். மாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. 100 மில்லிக்கு 2 கிராம். மிக்சியில் விட்டு விட்டு அரைமணி நேரம் அடித்து, ஒரு நாள் மூடி வையுங்கள். அடியில் மணலும் பிரியாத கட்டிகளும் தங்கும்; மேலே உள்ளதை மட்டும் சாய்த்து எடுங்கள். கொஞ்சத்தை உலர்த்தி எடை போட்டால் அதில் உண்மையில் எத்தனை சதவீதம் களி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே மலைக்காரர்களுக்கு ஓர் அனுகூலம். நம் ஓடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை, உப்பு மிகக் குறைவு. சமவெளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியம் அதிகம்; அதில் இதே வேலையைச் செய்தால் கால்சியம் தகடுகளுக்கு நடுவே புகுந்து மறுபடி இறுக்கிவிடும். உப்பு கூடினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க, பிரிந்த கலவையில் கொஞ்சம் எடுத்து ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடுங்கள். களி திரண்டு கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும்.

நன்றாகப் பிரிந்த கலவையைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். கண்ணாடிக் குடுவையை மெல்லச் சுழற்றினால் உள்ளே பட்டுத் துணி மினுங்குவது போன்ற கோடுகள் ஓடும். தகடுகள் ஓட்டத்தின் திசையில் ஒன்றாகத் திரும்புவதால் வருவது அது. களி அளவை 5, 6 சதவீதத்துக்கு ஏற்றினால், அசையாமல் வைத்த கலவை கூழாக உறையும். குலுக்கினால் திரவமாகும், விட்டால் மறுபடி உறையும். மருந்துக்கடைக் காலமைன் லோஷனில் துத்தநாக ஆக்சைடுத் தூள் உடனே அடியில் தங்காமல் இருக்க பெண்டோனைட் சேர்ப்பது இந்தக் குணத்துக்காகத்தான்.

படி 5: ஒரு படலம் செய்து பாருங்கள்

களிமண்ணைப் பாலிமரில் சேர்த்தால் என்ன ஆகும் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 1980களின் இறுதியில், ஜப்பானின் டொயோட்டா ஆய்வகத்தில். நைலான்-6 பிளாஸ்டிக்கில் 5 சதவீதத்துக்கும் குறைவான களியைத் தகடு தகடாகப் பரப்பினார்கள்; சுமையின் கீழ் அது வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்கு அருகில் போனது. வீட்டு அளவில் நைலானுக்குப் பதில் மரவள்ளி மாவு போதும்.

4 கிராம் மரவள்ளி ஸ்டார்ச், 1.2 கிராம் கிளிசரின், முந்தைய படியில் எடுத்த 2 சதவீதக் களிக்கலவை 10 மில்லி, மீதி தண்ணீர் சேர்த்து மொத்தம் 100 மில்லி. ஸ்டார்ச்சில் களி 5 சதவீதம் வருகிறது. கிளறிக்கொண்டே 80, 85 டிகிரிக்குச் சூடாக்கி, கூழ் தெளிந்ததும் கால்மணி நேரம் அதே சூட்டில் வைத்து, தட்டையான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றுங்கள். களி இல்லாமல் இன்னொன்றும் கட்டாயம் செய்ய வேண்டும், ஒப்பிட வேறு வழி இல்லை. தட்டு சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஆனாலும் காயாது, பூஞ்சை முந்திக்கொள்ளும். மின்விசிறியும் மிதமான சூடும் கொடுத்து உலர்த்துங்கள்.

படலத்தின் வழியே ஈரம் எவ்வளவு நுழைகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. நுழையும் மூலக்கூறு ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் பாதை நீள்கிறது, வேகம் குறைகிறது. உணவுப் பொட்டலத் தாள்களில் களி சேர்ப்பது இதனால்தான். சாதாரணமாகக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, வாயைப் படலத்தால் மூடி, எடை குறைவதைப் பார்ப்பார்கள். மூடுபனி நாளில் இங்கே வெளிக்காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும். எடை குறையவே குறையாது. அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். கிண்ணத்தில் நன்றாக உலர்த்திய சிலிக்கா ஜெல் போட்டு, படலத்தால் மூடி, விளிம்பில் மெழுகு வைத்து அடைத்து, எடை கூடுவதைத் தினமும் குறியுங்கள். அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டார்ச் தானே ஈரத்தை விரும்பும் பொருள். களி அதைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது.

அடுத்த முறை களியை 2, 5, 8 சதவீதம் என்று மாற்றிச் செய்யுங்கள். ஓர் அளவுக்கு மேல் தகடுகள் மறுபடி ஒட்டிக்கொண்டு படலம் நொறுங்கும். அந்த எல்லை உங்கள் பொருளுக்கு எங்கே என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 6: எக்ஸ்-கதிர் முடிவைப் படிப்பது

உண்மையில் பிரிந்ததா என்று உறுதி செய்ய எக்ஸ்-கதிர் விளிம்புவளைவுச் சோதனை வேண்டும். இந்தக் கருவி உள்ள கல்லூரிக்கு மாதிரியை அனுப்பினால், தகடுகளின் இடைவெளியைக் காட்டும் முகடுகள் கொண்ட ஒரு வரைபடம் வரும்; முகடு இடப்பக்கம் போகப் போக இடைவெளி பெரிது. கருவியில் எக்ஸ்-கதிர் தருவது தாமிரக் குழாய் என்றால் கயோலினைட்டின் முகடு 12.4 டிகிரி அருகில், ஓர் அடுக்குத் தண்ணீர் கொண்ட மாண்ட்மோரில்லோனைட் 7 டிகிரி அருகில், கிப்சைட் 18.3 டிகிரியில். பாலிமர் தகடுகளுக்குள் புகுந்திருந்தால் 7 டிகிரி முகடு இடப்பக்கம் நகரும்.

இரண்டு எச்சரிக்கைகள். மாதிரியைக் காற்றுப் புகாத பையில் போட்டு அனுப்புங்கள். மழைநாளில் உதகைக் காற்றில் இருந்த களி இரண்டு அடுக்குத் தண்ணீர் குடித்து 1.5 நானோமீட்டர் காட்டும். நீங்கள் அதைப் பாலிமரின் வேலை என்று நினைத்துவிடுவீர்கள். அப்புறம், முகடு காணாமல் போனால் முழுதாகப் பிரிந்துவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். களி மிகக் குறைவாக இருந்தாலும், தாறுமாறாகக் கிடந்தாலும் முகடு மறையும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றாவது வேண்டும்.

மலைத் தோட்டத்தில் இதைப் போடலாமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நம் மண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு, பெண்டோனைட்டுக்கு அதிகம், சேர்த்தால் நல்லதுதானே? கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்மண் 15 சென்டிமீட்டரில் 1 சதவீதம் சேர்க்க ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 8 டன் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் லாரி ஏற வேண்டும். ஏறி வந்த பிறகும் நம் அமில மண்ணில் அலுமினிய அயனி தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தத் திறனில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக மட்கிய கரிமப் பொருளுக்கு அயனி மாற்றத் திறன் 100 கிராமுக்கு 200 மில்லிசமானம் அளவுக்கு உண்டு. அதை இங்கேயே தயாரிக்கலாம். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் தேயிலைக்கும் தொழுவுரம், இலைமட்குதான் என் யோசனை.

நாற்றுத் தட்டில் நிலைமை வேறு. பசுமைக்குடிலில் கார்னேஷன் வளர்ப்பவர்கள் தென்னை நார்க்கழிவோடு வெர்மிகுலைட் கலப்பது நல்ல பழக்கம். அதுவும் அடுக்குச் சிலிகேட்தான், சூட்டில் பொரிய வைத்தது. அளவு குறைவு, பலன் கைமேல் தெரியும். மாட்டுத் தீவனத்தில் பூஞ்சை நச்சான அப்ளாடாக்சினைப் பிடிக்க மாண்ட்மோரில்லோனைட் சேர்ப்பதும் நிலைபெற்ற முறை. ஆனால் அதற்கென்று தயாரித்த தீவனத் தரப் பொருளைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், பவுண்டரி மூட்டையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

பண்ணைக் குட்டையில் கசிவை அடைக்க பெண்டோனைட் போடும் வழக்கம் சமவெளியில் உண்டு. சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ வரை மண்ணோடு கலந்து கெட்டிப்படுத்துவார்கள். சரிவான நிலத்தில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈரமான மாண்ட்மோரில்லோனைட் வழுக்கும். களிமங்களில் உராய்வு மிகக் குறைந்தவற்றில் அது ஒன்று. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மலைச்சரிவுகள் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் குட்டை வெட்டியே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். அதற்கும் முன்னால் உதகையில் உள்ள மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தில் இடத்தைச் சொல்லி, அங்கே குட்டையே வெட்டலாமா என்று கேளுங்கள்.